அக்கரையார்

"அக்கரையாரைக் கேளுங்க. பம்புக் கொட்டகை சாவி அவர்கிட்டதான் இருக்கும்" என்று செங்கல் சூளையில் சுடாத பச்சைக்கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தோளில் பை, கையில் அளக்கிற டேப்பு, கேட்டதற்குப் பதில் சொன்னால் பல்லைக் காட்டுகிற பெண்பிள்ளை. வேறு எப்படிப் பார்ப்பாள்? அவளுக்கு விளக்கிச் சொல்லவும் முடியாது. ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் அக்கரையார் என்றால் காலமானவர். போய்ச் சேர்ந்த ஒருவரிடம் சாவி வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள்.

எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. எதிர்க்கரை மேடு. ஊரை உண்டாக்கியவர்கள் என்ன நினைத்தார்களோ, மேட்டு நிலத்தை இடுகாட்டுக்கு ஒதுக்கிவிட்டுத் தாங்கள் பள்ளத்தில் குடியேறினார்கள். வெள்ளம் வந்தால் உயிரோடு இருப்பவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்போம். செத்தவர்கள் நனையாமல் படுத்திருப்பார்கள். அதனால் ஒருவர் இறந்துவிட்டால் 'அக்கரை போயிட்டார்' என்போம். வேறு காரியமாக ஆற்றைக் கடப்பவர்கள் மறந்தும் அந்த வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள். 'எதிர்ப்பக்கம் போயிட்டு வந்துடறேன்' என்று, வருவதையும் சேர்த்தே சொல்வார்கள். எதிர்க்கரையை நோக்கிக் கை நீட்டுகிற குழந்தையின் கையில் பட்டென்று ஓர் அடி விழும். ஆற்றோரத்து வீடுகளில்கூட ஆற்றைப் பார்த்து ஜன்னல் கிடையாது. எங்களுக்குக் கடைகண்ணி, ஆஸ்பத்திரி, பேருந்து எல்லாமே ஊர்ப் பக்கம்தான். இடுகாட்டைத் தாண்டி அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் ஊரில் குறைவு. நாற்பத்தொரு வயதில் நானே அன்றுதான் முதல்முறையாக இடுகாட்டைத் தாண்டி நடந்து வந்திருந்தேன்.

வந்த காரணம் பாலம். ஆற்றைக் கடக்கத் தோணியை விட்டால் கதியில்லை என்றிருந்த ஊருக்கு ஒருவழியாகப் பாலம் கட்டி முடித்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஊரின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடுவது என்று விழாக் குழு முடிவு செய்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிற பாவத்துக்காக அதை என் தலையில் கட்டியது. நானும் ஆசையாகத்தான் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் இந்த ஊரின் சுபாவம் எனக்கு முழுசாகப் பிடிபட்டது. இந்த ஊர் செய்த தப்பைத் திருத்தாது. தப்புக்குக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

மீன்காரத் தெருவுக்குப் பெயர்ப்பலகை எழுத வந்த பெயிண்டர், கைதவறி 'மான்காரத் தெரு' என்று எழுதிவிட்டுப் போனார். ஒரு கோடு மாற்றினால் தீர்ந்தது. யாரும் மாற்றவில்லை. பலகைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தெருமுனையில் சிமெண்டில் ஒரு மான் செய்து வைத்தார்கள். இன்றைக்கு அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகள் எங்கள் முன்னோர் மான் வளர்த்தவர்கள் என்று பரீட்சையில் எழுதுகிறார்கள். மில் சங்கைப் பழுது பார்த்தவர் கொஞ்சம் முன்னதாக ஊதும்படி வைத்துவிட்டார். ஊர் தன் கடிகாரங்களை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. வெளியூரிலிருந்து மாப்பிள்ளை வந்தால் முதலில் அவர் கடிகாரத்தைத்தான் திருகுவார்கள். இதையெல்லாம் எழுத எழுத எனக்கு ஊர்மேல் பிரியம் கூடிக்கொண்டே போனது. சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

பெரிய வெள்ளத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் கை தயங்கியது. அந்த வெள்ளத்தில் பதினொரு பேர் போனார்கள். ஏழாவது பெயர் என் அப்பாவுடையது. அப்போது எனக்கு ஆறு வயது. அப்பா மில் வேலைக்காக எங்களைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. இடுகாட்டில் ஊரார் ஒரு கல் நட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை தோணியில் போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, போன தோணியிலேயே திரும்பி வருவேன். சுற்றியுள்ள கல்லெல்லாம் புதர் மண்டிக் கிடக்க, அப்பா கல் மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கும். இடுகாட்டுக் காவலாளி நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொள்வேன்.

பாலத்தின் முகப்பில் அந்தப் பதினொரு பேரையும் கல்லில் வெட்டி வைக்க ஏற்பாடு. கல்லுக்கு மேலே, வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்று ஒரு வரி சேர்க்கலாம் என்பது என் யோசனை. அதற்கான அடையாளம் எதிர்க்கரையில், மேடு இறங்கும் ஆற்றோரத் தாழ்வில், பழைய பம்புக் கொட்டகைச் சுவரில் இருக்கிறது என்று எங்கோ கேள்விப்பட்டு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தோணிக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கல்லு வரைக்கும்தானே டீச்சர்?"

"இல்ல, அதைத் தாண்டிப் போகணும். பம்புக் கொட்டகை."

"அதுக்கு மேல என்ன இருக்கு? வெறும் சூளை. புகை. இங்கேருந்தே ஒரு உயரம் போட்டு எழுதிடுங்களேன். யாரு வந்து அளக்கப்போறா?"

நான் சிரித்தேன். ஊர்க்காரர் பேச்சுத்தான் என்று எடுத்துக்கொண்டேன். இறங்கும்போதும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தோணிக்குள் தேங்கிய தண்ணீரை வாரி வெளியே ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

சூளைப் பெண் கை காட்டிய திசையில் நடந்தேன். என் நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதம் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து, உடம்பு லேசாக ஆடி ஆடி நடப்பேன். செருப்பு வெளி விளிம்பில்தான் தேயும். அப்பா எனக்கு வைத்த செல்லப் பெயர் வாத்து. 'அப்பன் நடை அப்படியே இருக்கு' என்று ஊரில் வயசானவர்கள் சொல்லிச் சொல்லி அந்தப் பெயரைத் தெருவெல்லாம் பரப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வாத்தியாரும் வாத்தும் ஒட்டிக்கொள்ள, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் 'வாத்து டீச்சர்' என்பார்கள். கேட்காத மாதிரி போய்விடுவேன்.

கொட்டகைப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தபடி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஒல்லி. தலை முழுக்க நரை. நான் முகத்தைப் பார்க்கவில்லை. பாதம் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து, உடம்பு லேசாக ஆட, இடது குதிகால் மண்ணைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. என் நிழல் எனக்கு எதிரே எழுந்து வருவதுபோல இருந்தது. நான் நின்றுவிட்டேன். அவரும் நின்றார். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்து" என்றார்.

டேப் கையிலிருந்து நழுவி விழுந்து, நாக்கை நீட்டிக்கொண்டு மண்ணில் ஓடியது. நான் கத்தியிருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. அவர் குனிந்து டேப்பை எடுத்து, மண்ணைத் தட்டி, நாக்கை உள்ளே தள்ளி, என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். பழக்கதோஷத்தில் 'தேங்க்ஸ்' என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

"நீங்க செத்துட்டீங்க" என்றேன் பிறகு.

"தெரியும். கல்லைப் பார்த்திருக்கேன். புல்லு நான்தான் வெட்டறேன்."

கொட்டகைக்குள் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டு. மூலையில் பம்பு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சூளைகளுக்குத் தண்ணீர் விடுவதுதான் இத்தனை வருஷமாக அவர் வேலை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் இங்கே எல்லாருக்கும் அவர் அக்கரையார். கட்டிலில் உட்கார்ந்தேன். செத்தவர் வீட்டுக் கட்டில் உட்கார்ந்ததும் கிறீச்சிட்டது. பேயென்றால் கட்டில் எதற்கு, தட்டு எதற்கு என்று என் புத்தி தனியாக ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அவர் பம்பை நிறுத்திவிட்டுப் பேசினார். அன்றைக்கு அம்மாவோடு பெரிய சண்டை. எதற்கென்றே இப்போது ஞாபகமில்லை என்றார். உன் முகத்தில் முழிக்காத இடத்துக்குப் போறேன் என்று கிளம்பிக் கடைசித் தோணியில் இங்கே வந்து இறங்கினார். இரண்டு நாள் கழித்துத் திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணம். அன்றே வெள்ளம் வந்துவிட்டது. இதே கொட்டகைக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து ஊர் முழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தோணி எதுவும் ஓடவில்லை.

"தண்ணி வடிஞ்சதும் துறைக்கு வந்தேன். தோணி நிறைய ஜனம். நடுவுல உங்கம்மா. நீ அவ மடியில. ஒரு கல்லை இறக்கினாங்க. யாருக்குடா கல்லுன்னு புதருக்குப் பின்னால நின்னு பார்த்தா, எனக்கு."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிடத்தான் வாயைத் தொறந்தேன். உங்கம்மா அழுத அழுகை இருக்கே... நான் இருந்தவரைக்கும் எனக்காக அவ ஒரு சொட்டு விட்டதில்ல. அதைக் கெடுக்க மனசு வரல. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருந்தேன். அழுது முடிச்சவங்க முன்னாடி போய் எப்படி நிக்கறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா இல்லாத பிள்ளையென்று பார்த்தவர்கள் எல்லாம் தலையைத் தடவித் தடவியே வளர்த்தார்கள் என்னை. அந்தத் தடவலில் பாதி எனக்குப் பிடிக்காது. அதெல்லாம் எதற்காக? இந்த மனுஷனுக்கு ஓர் அழுகை பிடித்துப்போனதற்காகவா? கண்டபடி திட்ட நினைத்தேன். சுவரில் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு என் தலைக்கு மேலே ஓடியது. அவர் டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்க, நான் மறுநுனியைப் பிடித்து அதை அளந்தேன். அந்த நேரத்தில் எதற்காக அளந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கிளம்பும்போது துறைக்குப் பாதி வழி கூட வந்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆடி ஆடி நடந்தோம். சூளைப் பெண்கள் கல் அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பாலம் தொறக்கறாங்களாமே" என்றார். "இனிமே நடந்தே வந்துடலாம். வரட்டுமான்னு உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு. வேண்டாம்னா விட்டுடறேன்."

திரும்பி வரும்போது தோணிக்காரர் ஆறு முழுக்க வாயே திறக்கவில்லை. ஏறும்போது என் முகத்தை ஒருமுறை பார்த்ததோடு சரி. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற மனுஷர் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

அம்மா மொட்டைமாடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள். மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் மாடிக்குப் போகும் பழக்கத்தை அவள் விடவில்லை. எல்லாரும் காலையில் துணி உலர்த்தினால் அவள் மட்டும் வெயில் சாய்கிற நேரத்துக்கு எடுத்துக்கொண்டு போவாள். உதறி உதறி, நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்து, ஒரு போர்வையைக் காயப் போட அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாள். ஆற்றைப் பார்த்த பக்கத்துக் கொடியில்தான் போடுவாள். அன்றைக்கு அந்தக் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஆற்றுக்கு மேலே, இடுகாட்டைத் தாண்டி, பம்புக் கொட்டகையின் கூரை சின்னதாகத் தெரிந்தது.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

அவள் எது என்று கேட்கவில்லை. போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"நடையை எங்கேருந்து பார்த்தாலும் தெரியும்டி. கோடைல ஆறு சுருங்கினப்ப பார்த்தேன். கல்லு நட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நானும் செத்துட்டார்னுதான் நெனச்சேன்."

பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னாள். வெள்ளத்துக்கு மறுநாள் பக்கத்து வீட்டம்மா வந்து, எங்கே உன் வீட்டுக்காரரைக் காணோம் என்று கேட்டிருக்கிறாள். அவர் தோணி ஏறியது அம்மாவுக்குத் தெரியும், ஆனால் சண்டையைச் சொல்ல வெட்கம். 'அவர் அக்கரைக்குப் போயிட்டாரு' என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். வந்து நாலைந்து மாதமே ஆன அம்மாவுக்கு இந்த ஊர் வார்த்தை தெரியாது. பக்கத்து வீட்டம்மா மாரில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தெருவே வாசலில் நின்றது.

"எல்லாரும் அழறாங்க. கட்டிப் பிடிச்சிக்கறாங்க. இவங்களுக்கு ஏதோ சேதி தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன். அவங்க என்னைப் பார்த்து அழுதாங்க. நான் அவங்களைப் பார்த்து அழுதேன்."

ஒரு வார்த்தை. சொன்னவளுக்கு ஓர் அர்த்தம், கேட்டவர்களுக்கு வேறு அர்த்தம். அதில் ஒரு மனுஷர் செத்துப்போயிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஊர் வார்த்தைகள் என்று இதே சொல்லை நான் கரும்பலகையில் எழுதிச் சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

"பார்த்தப்பவாவது போய்க் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"எதுக்கு? உயிரோட இருந்துக்கிட்டு அவரு வரலியே." சட்டென்று அவள் குரல் கூர்மையானது. "அது மட்டும் இல்ல. வந்த புதுசுல இந்த ஊர்ல ஒருத்தரும் நம்மகிட்ட முகம் குடுத்துப் பேசினதில்ல. பிழைக்க வந்ததுங்கன்னு ஒதுங்கிப் போவாங்க. அன்னைக்கு ஊரே வீட்டுக்குள்ள வந்துடுச்சு. மில்லுல சேர்த்து விட்டாங்க. உனக்கு ஜுரம்னா ராத்திரி முழுக்க யாராவது கூட உட்கார்ந்திருப்பாங்க. இப்பப் போய், அவரு சாகல, நான்தான் தெரியாம சொல்லிட்டேன்னு எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுச் சொல்றது? அவங்க அழுத அழுகையைத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

நான் அப்பாவின் கேள்வியைச் சொன்னேன். வரட்டுமா என்று கேட்டார் என்றேன். அம்மா எழுந்து, இன்னும் ஈரம் காயாத போர்வையைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அக்கரை போனவங்க யாராவது திரும்பி வந்து பார்த்திருக்கியா?" என்றாள். அந்த வார்த்தையை இப்போது அவள் இந்த ஊர்க்காரியாகச் சொன்னாள். "வேண்டாம்னு சொல்லிடு. நான் இந்த ஊர்ல தலை நிமிர்ந்து இருந்துட்டுப் போறேன்."

மறுநாள் தோணிக்காரரிடம், பம்புக் கொட்டகைப் பெரியவரிடம் வேண்டாமாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். என்ன வேண்டாம் என்று கேட்கவில்லை. அங்கிருந்து நேராக ஆணிக்கடை அண்ணனைப் பார்க்கப் போனேன். ஆணி, கயிறு, பூட்டு விற்கிறவர். விழாக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பதினொரு பெயர் வெட்டிய கல் வந்து, கடைக்குள் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் மனசில் ஒன்றுதான் இருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷர் பெயர் கல்லில் நிற்கக் கூடாது. அதே சமயம் காரணத்தையும் சொல்லக் கூடாது. அம்மாவின் மானம் அதில் இருக்கிறது.

"அண்ணே, ஏழாவது பேரை எடுத்துடலாம். அதுல ஒரு சின்னப் பிழை இருக்கு" என்றேன்.

அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசைப் பார்த்தபடியே, "இருக்கட்டும் டீச்சர். வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். என்ன பிழை என்று கேட்கவில்லை. இந்த ஊரில், ஒரு கிலோ ஆணி வாங்கினால் எந்தச் சுவரில் அடிக்க, எந்தப் படத்தை மாட்ட என்று கேட்காமல் பொட்டலம் கட்டாத மனுஷர். ஒரு பிள்ளை தன் அப்பா பெயரில் பிழை என்று வந்து நிற்கிறாள். அவர் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று தோணிக்காரர் கேட்கவில்லை. இன்று காலையும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

அவர் ஆணிகளை மறுபடி டப்பாவில் கொட்டினார். எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

"பார்த்துட்டீங்கன்னு தோணிக்காரன் சொன்னான். கல்லு நட்ட மறுவாரமே எங்கப்பாதான் அவரை முதல்ல பார்த்தவரு. ஒரு வாரத்துல ஊருக்கே தெரிஞ்சு போச்சு. என்ன பண்றது சொல்லுங்க? ஊரே கூடி அழுதாச்சு. கல்லு நட்டாச்சு. அந்தம்மா பச்சப்புள்ளையோட இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கு. இல்லம்மா, நாங்க தப்பா அழுதுட்டோம், உன் புருஷன் உன்னை விட்டுட்டு அங்க ஜோரா இருக்கான்னு யாரு போய்ச் சொல்றது? வரட்டும், அந்தாளு தானா வரட்டும்னு இருந்தாங்க. அவரு வரல. உங்கம்மாவுக்கு அப்புறமா தெரிஞ்சுதுன்னு மாடியில நிக்கறதைப் பார்த்துப் புரிஞ்சிக்கிட்டோம். எங்களுக்குத் தெரியும்ங்கறது மட்டும் உங்கம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

"ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?"

"தெரியாதவங்க யாருன்னு கேளுங்க."

"யாரு?"

"நீங்கதான் டீச்சர்."

வகுப்பில் 'வாத்து டீச்சர்' என்று சிரிக்கிற கடைசி பெஞ்சுக்கும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து முட்டின. மான்காரத் தெருவைப் பற்றி எத்தனை கேலியாக எழுதியிருந்தேன். ஊர் தப்புக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காரும் என்று எழுதியவள், அந்த இடத்திலேயே முப்பத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருந்தது நான்தான் என்று அறியவில்லை. பக்கத்துத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று நாலு தெருவுக்குச் சொல்லிவிடுகிற இந்த வாய்களா இதைப் பொத்தி வைத்திருந்தன? நம்பவே முடியவில்லை. அந்தப் பிரியத்தை நினைத்தாலும் பயமாகத்தான் இருந்தது. கல் அங்கேயே, ஏழாவது பெயரோடு சாய்ந்திருந்தது. அதைத் தொடாமல் வீட்டுக்கு வந்தேன்.

விழா நாளில் வெயில் கொளுத்தியது. பாலத்தின் முகப்பில் ஊரே திரண்டிருந்தது. நானும் அம்மாவும் கல்லுக்குப் பக்கத்தில் முன்வரிசையில் நின்றோம். வெள்ளத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய இடம். அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவள் கையைப் பிடித்து ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் அடக்கமாகத் தலையசைத்தாள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு முகத்திலும் ஒரு சின்ன அசைவு இல்லை. நாடகத்தில் நடிக்க வைத்தால் இந்த ஊரை யாரும் மிஞ்ச முடியாது.

ஆணிக்கடை அண்ணன் கல்லின் திரையை விலக்கிவிட்டு, மைக்கில் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். நாலாவது பெயரைப் படிக்கும்போது பாலத்தின் அந்தக் கோடியில் சில ஆட்கள் தெரிந்தார்கள். சூளைக்காரர்கள். தயங்கித் தயங்கி அங்கேயே நின்றார்கள். ஒருவர் மட்டும் தனியாகப் பிரிந்து நடந்து வந்தார். பாலம் நேரானது. வெறுமையானது. அதில் ஓர் ஆள் நடந்தால் நடை மட்டும்தான் தெரியும். பாதம் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து, உடம்பு லேசாக ஆட.

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேனே என்று நினைத்தேன். ஐந்தாவது பெயர். ஆறாவது பெயர். ஆணிக்கடை அண்ணன் தலை நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு விட்டார். ஏழாவது பெயரை, மற்றப் பெயர்களைப் போலவே, நிதானமாகப் படித்தார். நடந்து வந்தவர் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். ஒலிபெருக்கியில் அவர் பெயர் ஆற்றின் மேலே போய் எதிர்க்கரையில் மோதித் திரும்பியது.

முதலில் தோணிக்காரர்தான் திரும்பினார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ஆற்றைப் பார்த்தார். "தண்ணி ஏறுற மாதிரி இருக்கே" என்றார், யாரிடமும் இல்லாமல். கோடை ஆறு. தண்ணீர் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. "ஆமா, ஏறுது" என்று பக்கத்து வீட்டம்மா தடியை ஊன்றிக்கொண்டு மெல்லத் திரும்பினாள். அவளுக்குப் பிறகு மான்காரத் தெருக்காரர்கள் திரும்பினார்கள். மில்காரர்கள் திரும்பினார்கள். என் வகுப்புப் பிள்ளைகள், கடைசி பெஞ்சு உட்பட, வரிசையாகக் கம்பியோரம் போய் ஆற்றைப் பார்த்தபடி நின்றார்கள். எதிர்க்கரைப் பக்கம் ஒரு தலை திரும்பவில்லை. இரண்டு நாய் சண்டை போட்டால் கடையைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்க வருகிற ஊர்.

அம்மா அந்த முதுகுகளைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒவ்வொரு முதுகாக. அவள் வாய் லேசாகத் திறந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியதெல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. என் மணிக்கட்டிலிருந்த பிடி தளர்ந்தது.

பதினொரு பெயரும் படித்தாகிவிட்டது. "பாலம் தொறந்தாச்சு. எல்லாரும் நடக்கலாம்" என்றார் ஆணிக்கடை அண்ணன் மைக்கில். சொல்லிவிட்டு அவரும் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் நகரவில்லை. அம்மா ஓரடி முன்னால் வந்து நின்று, மொட்டைமாடியில் நிற்பதுபோல, நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டாள்.